ரேவதிக்கு விளக்கு போட்டவள்

மேடையில் ரேவதி வலது கையைத் தூக்கினாள். அந்தக் கை தலைக்கு மேலே போய்ச் சேர்வதற்குள் நான் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

மேடை இருண்டுபோனது.

ஒத்திகைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலூரில் ஒரு டிரஸ்ட்டுக்குச் சொந்தமான அரங்கம், ஒத்திகைக்கெல்லாம் ஏ.சி. போட மாட்டார்கள். இருக்கைகளுக்குப் பின்னால், உயரத்தில், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் நானும் இம்ரானும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தோம். எனக்கு எதிரே மேடை விளக்குகளை எல்லாம் ஆட்டிவைக்கிற கன்ட்ரோல் போர்டு. அதில் வரிசையாக, மேலும் கீழும் நகர்கிற குட்டிக் குட்டிக் கட்டைகள். ஃபேடர் என்பார்கள். இம்ரான் என் கையைத் தட்டிவிட்டு ஒரு ஃபேடரை மேலே தள்ளினான்.

வெளிச்சம் வந்தது. மேசை இருந்தது. ரேவதி இல்லை.

அவள் படியிறங்கி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பயனில்லை. ரேவதிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது.

"இன்னா எஸ்தர், உன் கை சும்மாவே இருக்காதா?" என்றான் இம்ரான். "அவ கையத் தூக்கணும், எறக்கணும், நீ ஒரு மூச்சு வுடணும். அதுக்கப்புறம்தான் பட்டன். நீ அவ தூக்குறப்பவே போய்ட்ட. இதே இடத்துல எத்தினி வாட்டி?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஓயாத கை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் ஒவ்வொரு செக்‌ஷனாக மாறித் திரிந்த கதையைப் போன வாரம் வாசித்தவர்களுக்கு என் சுபாவம் தெரிந்திருக்கும். தையல், பசை ஒட்டுவது, ஓரம் சீவுவது. எதிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கவில்லை. வேலை வராமல் இல்லை. வேலை கைக்கு வந்த நிமிஷம் எனக்கு அந்த இடம் புளித்துவிடும். கடைசியாகப் போய் நின்றது ஜோடி சேர்க்கிற மேசையில்.

அந்த மேசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடதுகால் ஷூவுக்கும் வலதுகால் ஷூவுக்கும் தோல் ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. ட்யூப் லைட்டுக்குக் கீழே இரண்டு பழுப்பும் அக்கா தங்கச்சி மாதிரி ஒன்றாக இருக்கும். ஜன்னலோரம் கொண்டுபோனால் ஒன்று சிவப்பாகச் சிரிக்கும், இன்னொன்று பச்சையாக முறைக்கும். ஒரு பொருளுக்குச் சொந்தமாக நிறம் என்று ஒன்று உண்டா, அல்லது மேலே விழுகிற வெளிச்சம்தான் நிறமா என்று ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். "எஸ்தரு, ஷூவப் பாரு, வானத்தப் பாக்காத" என்று சூப்பர்வைசர் கத்துவார்.

அந்தக் கம்பெனிக்குத்தான் கலா அக்கா வந்தார். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். குனிந்து குனிந்து இடுப்பு போன பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவர், கிளம்பும்போது, "யாராவது நாடகம் நடிக்க வர்றீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ரேவதி மட்டும் கையைத் தூக்கினாள். அக்கா கேட்டது இன்னதென்று பக்கத்தில் இருந்தவள் சைகையில் சொன்னதும் தூக்கிவிட்டாள். அவள் தூக்கியதைப் பார்த்து நானும் தூக்கினேன்.

எனக்கு நடிப்பு வரவில்லை. வசனமெல்லாம் நன்றாகவே சொன்னேன், ஓரிடத்தில் நிற்கத்தான் முடியவில்லை. "நீ நடக்கறதப் பாத்தா எனக்கே தலை சுத்துதும்மா" என்றார் கலா அக்கா. மூன்றாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லைட்டு பாத்துக்கறியா?" என்றார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பள்ளிகொண்டா வரைக்கும் அழுதேன். அதற்கப்புறம் பசித்தது; அழுகை நின்றுவிட்டது.

இம்ரானின் அவசரம்

விளக்கு கற்றுக்கொடுக்க வந்த இம்ரானுக்கு என் வயதுதான். பேர்ணாம்பட்டுக்காரன். அந்த அரங்கத்தில் விளக்கும் ஒலியும் அவன் பொறுப்பு. மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது, விசா வந்துவிட்டது. பதிலுக்கு ஓர் ஆளைப் பழக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று டிரஸ்ட்டில் சொல்லிவிட்டார்கள். எங்கள் நாடகத்துக்கு மட்டும் விளக்கு போட வந்த என்னையே அந்த ஆள் என்று கணக்குக் காட்டிவிடலாம் என்று அவனுக்கு யோசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற நிகழ்ச்சிகளும் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் தலையாட்டியிருந்தேன்.

ஆக, நான் கற்றுக்கொள்ளாமல் அவன் விமானம் ஏற முடியாது. நிம்மதி இல்லாத ரெண்டு பேரை ஒரு கண்ணாடி அறைக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

"இது முகத்துக்கு, இது மேசைக்கு, இது நீலம், இது வாசல்" என்று விரலால் தட்டிக்கொண்டே போவான். ஃபேடர்களுக்குக் கீழே ஒட்டியிருந்த டேப்பில் அவன் கையெழுத்து, எல்லாம் உருதுவில். "இத நான் எப்பிடிப் படிக்கிறது?" என்றேன். "அட, ஆமா இல்ல" என்று டேப்பைச் சர்ரென்று கிழித்தான். புது டேப் ஒட்டி, தமிழில் நானே எழுதினேன்.

ஒவ்வொரு காட்சிக்கும் எந்த விளக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே போர்டில் பதிந்து வைத்துவிடலாம். நாடகம் ஓடும்போது, சரியான இடத்தில் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அடுத்த வெளிச்சம் தானாக வரும். கேட்க எத்தனை சுலபம்! பதிவதை நான் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். ஜோடி சேர்க்கிற மேசையில் பழகிய கண்ணுக்கு மஞ்சள் ஜாஸ்தியா, நீலம் கம்மியா என்று சட்டென்று தெரிந்துவிடும். அமுக்குவதுதான் வரவில்லை. அமுக்காமல் இருப்பது என்று சொல்ல வேண்டும். வசனம் முடியும் முன்பே, ஆள் உட்காரும் முன்பே, என் விரல் போய் உட்கார்ந்துவிடும்.

"பேஜார் புடிச்ச விரல்" என்பான் இம்ரான்.

ஷேர் ஆட்டோவுக்கு முன்னால்

ரேவதி பையோடு வெளியேறிய அன்று நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த சைகையெல்லாம் கம்பெனியில் பழகியதுதான்: டீ, நூல் தீர்ந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறார். மன்னிப்புக் கேட்க அதில் ஒன்றும் உதவாது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவள் செல்லை எடுத்து வேகமாக டைப் செய்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான் கையாலதான் பேசறேன். நீ லைட்ட அணைச்சா என் வாயப் பொத்தற மாதிரி."

எங்கள் நாடகம், ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்ஸைப் பற்றியது. பஸ்ஸில் ஒவ்வொருத்தியும் ஒரு கதை சொல்வாள். ரேவதி சொல்வது அவளுடைய சொந்தக் கதை. ஒரு வசனம் கிடையாது. மேசை மேல் ஏறி நின்று, பிள்ளை பெற்ற நாளைக் கைகளாலேயே சொல்வாள். வலி, நர்சின் முகம், வெள்ளைச் சுவர். கடைசியில் பிள்ளையைக் கையில் வாங்குவாள். அது அழுகிறதா என்று அவளுக்குத் தெரியாது. குனிந்து அதன் வாயைப் பார்ப்பாள். வாய் திறந்திருக்கும். அப்போதுதான் அவள் முகம் மலரும். அந்த முகத்தோடு வலது கையை மேலே தூக்கி, மெல்ல இறக்கி, நெஞ்சில் வைப்பாள்.

மூன்று ஒத்திகையாக அந்தக் கை இறங்குவதை நான் யாரையும் பார்க்க விடவில்லை.

ஆட்டோ வந்தது. ரேவதி ஏறவில்லை. மறுபடி டைப் செய்தாள்: "நான் வந்து உன் பக்கத்துல உக்கார்றேன்."

"அப்ப மேடையில யாரு?" என்று வாயசைத்துக் கேட்டேன். அவள் அரங்கத்தின் வாசலைக் காட்டினாள். அங்கே இம்ரான் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான்.

இம்ரான் பிள்ளை பெற்றது

"நானா? அல்லா!" என்றான். ஆனால் விமானம் ஏற வேண்டும் என்ற வெறி மனுஷனை எதற்கும் துணியவைக்கும். மேசை மேல் ஏறினான். பல ஞாயிறுகளாகப் பார்த்துப் பார்த்து ரேவதியின் அசைவெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் வளைந்த வளைவில் கலா அக்கா இருக்கையிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நாடகத்து பஸ்ஸில் வரும் மற்ற பெண்கள் சீட்டி அடித்தார்கள்.

மேலே கண்ணாடி அறையில் ரேவதி சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இம்ரான் கையைத் தூக்கியதும் என் விரல் துள்ளியது. அவள் பிடி இறுகியது. கை இறங்கியது. பிடி விடவில்லை. நெஞ்சில் வந்து நின்றது. அப்போதும் விடவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அதற்கப்புறம்தான் அவள் பிடி தளர்ந்தது. அமுக்கினேன்.

மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடி. சாயங்காலம் வரைக்கும் பாவம் இம்ரான் பிள்ளை பெற்றுக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு நான் ரேவதியிடம் சைகை கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் எதிரெதிரே உட்காருவோம். என் கை வேகத்துக்குச் சைகை எல்லாம் குளறுபடியாகத்தான் வரும். பாதி நேரம் அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

நாடகத்துக்கு முந்தின நாள் இம்ரான் சென்னைக்குக் கிளம்பினான். பெட்டியோடு அரங்கத்துக்கு வந்து, போர்டை ஒரு தடவை துணியால் துடைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு. இது பழைய போர்டு. எப்பனா ஹேங் ஆவும். அப்ப பதறாத. பின்னாடி ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணு, ஆன் பண்ணு. எழுந்து வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் புடிக்கும். சீட்ட மட்டும் வுட்டுப் போய்டாத. அது முழிக்கிறப்ப யாருனா இருக்கணும்."

"நீ இன்னா, கைக்கொழந்தய வுட்டுட்டுப் போற மாதிரி பேசற?"

"அதான்" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

எரியாத பொத்தான்

ஞாயிறு சாயங்காலம். ஆம்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம் வந்திருந்தது. பெண்களின் வீட்டுக்காரர்கள், மாமியார்கள், பிள்ளைகள். பிஸ்கட் பாக்கெட் கிழிக்கிற சத்தம் மேலே எனக்குக் கேட்டது. முன்வரிசையில் ரேவதியின் கணவர் செந்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் காது கேட்காது. அவர் மடியில் மகன் தருண், யு.கே.ஜி. படிக்கிறவன். அவனுக்கு நன்றாகக் கேட்கும், வாயாடி. ஆனால் அம்மா அப்பாவிடம் மட்டும் கையால்தான் பேசுவான்.

முதல் மூன்று கதைகளும் நன்றாகப் போயின. என் விரல் சொன்ன பேச்சுக் கேட்டது. ரேவதியின் கதைக்கு முன்னால் மேடை முழுக்க இருட்டு. அந்த இருட்டில் அவள் மேசை மேல் ஏறி நிற்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் தொடங்க வேண்டும். அவளுக்கு அதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

அவள் ஏறுகிற நேரத்தைக் கொடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி அமுக்கினேன். ஃபேடரைத் தள்ளினேன். திரையில் எழுத்துகள் அப்படியே உறைந்திருந்தன. போர்டு ஹேங் ஆகிவிட்டது.

ஜனங்கள் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்து அமைதியாக இருந்தார்கள். அந்த மேசை இடுப்பளவு உயரம். எதுவும் கேட்காத, எதுவும் தெரியாத இருட்டில் அவள் அதன் மேல் நின்றுகொண்டிருக்கிறாள். ஓரத்திலிருந்து யாராவது குசுகுசுத்தாலும் அவளுக்குப் போய்ச் சேராது. ஓடிப்போய்த் தாங்கிக்கொள்ளச் சொல்லி என் கால்கள் துடித்தன. உண்மையிலேயே எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டேன். நான் மேடைக்குப் போய்ச் சேர்ந்தால், போர்டு விழிக்கும்போது விளக்கு போட இங்கே யார்?

திரும்பி வந்தேன். பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது.

செல் அதிர்ந்தது. மேடை ஓரத்திலிருந்து கலா அக்கா. "இன்னா ஆச்சு? ஹால் லைட்டப் போட்டுடட்டா?" என்று எழுதியிருந்தார். ஹால் விளக்கைப் போட்டால் எல்லாம் அம்பலம். ரேவதியின் கதை அங்கேயே செத்துவிடும். "வேணாம். வருது" என்று பதில் போட்டேன்.

செல்லைப் பார்த்ததும்தான் தோன்றியது. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன். டார்ச்சைப் போட்டு, செல்லைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த வெளிச்சம் என் கைகள் மேல் விழும்படி குனிந்தேன். ஜனங்களுக்கு நான் முதுகுப்பக்கம். மேடையில் நிற்பவளுக்கு மட்டும்தான் நான் தெரிவேன்.

சைகை செய்தேன். காத்திரு. வெளிச்சம் வரும். காத்திரு.

அவள் பார்த்தாளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் பதில் சொன்னாலும் இருட்டுக்குள்தான் சொல்வாள். திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து தருணின் குரல் கேட்டது.

"அம்மா!"

அவனுக்கு என்ன தோன்றியதோ. அப்பாவின் மடியில்தான் இருந்தான். ஆனால் இருட்டில் கையால் என்ன பேச முடியும்? இன்னும் பலமாகக் கத்தினான்.

"அம்மா! எங்க இருக்க?"

அரங்கத்தில் அத்தனை பேருக்கும் அது கேட்டது. அவனைப் பெற்ற இரண்டு பேரைத் தவிர.

திரை பளிச்சென்று விழித்தது. பதிந்து வைத்ததைத் தேடி எடுக்க நேரமில்லை. செல்லைத் துப்பிவிட்டு, டேப்பில் நான் எழுதியிருந்த 'மேசை', 'முகம்' என்ற இரண்டு ஃபேடர்களிலும் விரல் வைத்தேன். வேறு சமயமாக இருந்தால் ஒரே தள்ளாகத் தள்ளியிருப்பேன். இருட்டில் நின்ற கண்ணுக்குச் சட்டென்று வெளிச்சம் அடித்தால் தடுமாறி விழுந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. என் ஜென்மத்தில் எதையும் அத்தனை மெதுவாகச் செய்ததில்லை. மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். முதலில் மேசையின் விளிம்பு தெரிந்தது. அப்புறம் இரண்டு பாதங்கள், தொங்கிக்கொண்டு.

ரேவதி மேசை மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நிம்மதியாக. முகத்தில் வெளிச்சம் ஏறியதும், அப்படியே உட்கார்ந்தபடி கதையைத் தொடங்கினாள்.

கடைசியில் அந்தக் கை தலைக்கு மேலே போயிற்று. இறங்கிற்று. நெஞ்சில் வந்து நின்றது. என் மணிக்கட்டை யாரும் பிடித்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அதற்கும் அப்புறம்தான் அணைத்தேன்.

எவ்வளவு சத்தம்

ஜனமெல்லாம் கலைந்த பிறகு ரேவதி மேலே வந்தாள். முகத்துப் பவுடரை வழித்துக்கொண்டே வந்து, என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

நான் செய்தது 'காத்திரு' இல்லையாம். 'உட்காரு'வாம். ஏதோ காரணம் இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டாளாம். அப்புறம் நான் சாமியாடுகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். செல்லைப் பல்லில் கடித்து என்னை மாதிரியே செய்து காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வேறென்ன நடந்தது இருட்டில், என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த சைகையில் அது அடங்காது. செல்லில் டைப் செய்து கொடுத்தேன். "தருண் உன்னக் கூப்டான். வாயால. அம்மா எங்க இருக்கன்னு."

படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு செல்லைப் போர்டின் மேல் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இவ்வளவா? கொஞ்சம் விலக்கினாள். இவ்வளவா? எவ்வளவு சத்தமாக, என்று கேட்கிறாள் என்பது புரியச் சற்று நேரம் ஆயிற்று.

பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்காதவளுக்கு அதை எந்தக் கையால் சொல்வது?

'மேசை' என்று எழுதிய ஃபேடரில் விரலை வைத்தேன். கொஞ்சம் தள்ளினேன். கீழே காலி மேடையில் மேசை மங்கலாகத் தெரிந்தது. ரேவதி அதைப் பார்த்தாள். இவ்வளவா என்று புருவத்தைத் தூக்கினாள். இல்லை என்று தலையாட்டினேன். இன்னும் தள்ளினேன். பாதிக்கு வந்தது. இவ்வளவா? இல்லை. அவள் என் விரலையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தாள். தள்ளிக்கொண்டே போனேன். அதற்கு மேல் போக இடமில்லாமல் ஃபேடர் மேலே இடித்து நின்றது.

மேசை மட்டும் தகதகவென்று நின்றுகொண்டிருந்தது. ரேவதி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்தரு, லைட்ட அணைம்மா, காவக்காரர் பூட்ட வந்துட்டாரு" என்று கீழேயிருந்து கலா அக்கா குரல் கொடுத்தார்.

ஃபேடரில் வைத்த விரலை நான் அசைக்கவில்லை. ரேவதி இன்னும் பார்த்து முடிக்கவில்லை.